பதினாறு செல்லும் ஒரு ஃபோர்க்லிஃப்ட் மோட்டாரும்: பழைய கஞ்சிலை மின்சாரத்துக்கு மாற்றுவது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப்பட்டணத்தில் ஒரு கார் ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓடும்? லயத்திலிருந்து பள்ளிக்கூடம், அங்கிருந்து சந்தை, பிறகு ஆலை, சாயங்காலம் கோயில். 30 கிலோமீட்டர் வந்தாலே அதிகம். ஈப்போ போய்த் திரும்பினால் 60 சொச்சம். ஆனால் மின்சாரக் கார் என்றதும் எல்லார் மனத்திலும் 400, 500 கிலோமீட்டர் என்ற விளம்பர எண்தான் வந்து நிற்கிறது. அந்த எண்ணை மறந்துவிட்டால்தான் குறைந்த காசில் ஒரு காரை மாற்ற முடியும். மாற்றும் செலவில் ஏறக்குறைய பாதி பேட்டரிக்கே போகிறது. பேட்டரியைச் சரியாக அளந்தவருக்குப் பாதிக் கவலை தீர்ந்தது.

முதலில் காசுக் கணக்கை ஒளிவில்லாமல் பார்த்துவிடுவோம். நல்ல நிலையில் உள்ள ஒரு பெரோடுவா கஞ்சில் கார் 100 கிலோமீட்டருக்கு 6 லிட்டர் குடிக்கிறது என்று வையுங்கள். பூடி95 என்ற அரசாங்கப் பெட்ரோல் உதவித்தொகைத் திட்டத்தின் சலுகை விலையான 1 வெள்ளி (ரிங்கிட்) 99 காசுக்கு அது 12 வெள்ளி. அதே கார் மின்சாரத்தில் ஓடினால், சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, 100 கிலோமீட்டருக்கு 11 முதல் 12 யூனிட் (கிலோவாட் மணி). யூனிட் 45 காசு என்று வைத்தால் 5 வெள்ளி சொச்சம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால் மிச்சம் 65 வெள்ளி அளவில் நிற்கும். சாலை வரியிலும் பெரிய லாபம் இல்லை. 1,000 சிசிக்கு உட்பட்ட கஞ்சிலுக்கு ஏற்கெனவே ஆண்டுக்கு 20 வெள்ளிதான். ஆகவே எண்ணெய்க் காசை மிச்சம் பிடிக்க மட்டும் இதில் இறங்குகிறவருக்குக் கையைக் கடிக்கும். எஞ்சின் போய்ச் சும்மா நிற்கும் கார் வைத்திருப்பவர், கூரையில் சோலார் போட்டவர், தானே வெல்டிங்கும் ஒயரிங்கும் செய்யத் தெரிந்தவர், இந்தக் கைவேலை நம் ஊர்ப் பட்டறைகளுக்கும் வரவேண்டும் என்று நினைப்பவர்: இவர்களுக்குத்தான் இது பொருந்தும். அவர்களுக்கு இது மிக நல்ல வேலை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்தது அனுமதி. இதைக் கடைசிக்குத் தள்ளிவைத்துப் பணத்தை இழப்பதுதான் பெரிய ஆபத்து. கெரானில், அதாவது வாகனப் பதிவு ஆவணத்தில், எஞ்சின் எண் இருக்கிறது. எஞ்சினை இறக்கிய நாளிலிருந்து அந்தப் பதிவும் காரும் ஒத்துப்போகாது. 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் இப்படிப்பட்ட மாற்றத்துக்கு ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதல் வேண்டும், வாகனச் சோதனையும் வேண்டும். ஆகவே என்ன மோட்டார், எத்தனை வோல்ட், பேட்டரி எங்கே உட்காரும், மொத்த எடை எவ்வளவு, பிரேக்குக்கு என்ன ஏற்பாடு என்று ஒரு வரைபடத்தோடு எழுதி எடுத்துக்கொண்டு, மாநில ஜேபிஜே அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். கிடைத்துவிடும் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். பதில் எழுத்தில் கைக்கு வரும்வரை பேட்டரி செல் வாங்க வேண்டாம், எஞ்சினை விற்கவும் வேண்டாம். ஒப்புதல் இல்லாமல் பொதுச்சாலையில் ஓட்டினால் காப்புறுதி நிற்காமல் போகலாம். விபத்தில் இன்னொருவருக்குக் காயம் பட்டால் அந்தச் சுமை உங்கள் தலையில் விழலாம்.

எந்தக் கார் என்பதற்கு என் பதில் கஞ்சில்தான், அதுவும் கையால் கியர் மாற்றும் வகை. 1994 முதல் 2009 வரை வந்த கார். எடை 700 கிலோவை ஒட்டி நிற்கும். பாகம் எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும். எடைதான் இங்கே எல்லாம். ஒரு புரோட்டோன் வீராவை எடுத்தால் அதே ஓட்டத்துக்குக் கூடுதல் செல், கூடுதல் ஆம்பியர், கூடுதல் காசு. ஆட்டோ கியர் வேண்டவே வேண்டாம். அது எஞ்சின் சுற்றிக்கொண்டே இருந்து எண்ணெய் அழுத்தம் கொடுப்பதை நம்பியிருக்கிறது. கையால் மாற்றும் கியர்பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டால் ரிவர்ஸ், ஸ்பீடோமீட்டர், டிரைவ் ஷாஃப்ட் மூன்றும் இலவசம்.

வாங்கும்போது எஞ்சினைப் பார்க்காதீர்கள், அது போகப்போவதுதான். தரைத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். பின்சக்கரத்தை ஒட்டிய இடம், கதவடிச் சட்டம், முன் சஸ்பென்ஷன் கோபுரம் ஆகிய மூன்றிலும் துரு ஓட்டை இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். கிட்டத்தட்ட நூறு கிலோ செல்லை அந்தத் தகட்டில்தான் போல்ட் போட்டுக் கட்டப்போகிறீர்கள்.

எதையும் கழற்றுமுன் காரை எடைமேடையில் ஏற்றுங்கள். செம்பனை ஆலைக்குப் பக்கத்தில் இருப்பதில் ஒரு வசதி இது. குலை லாரிகள் நிறுக்கும் மேடையில், கூட்டம் இல்லாத நேரத்தில் கேட்டால் இரண்டு நிமிட வேலை. முழுக் காரையும் ஒரு தடவை, முன்சக்கரம் மட்டும் ஏறி நிற்க ஒரு தடவை, பின்சக்கரம் மட்டும் ஒரு தடவை. அந்த மேடை பெரும்பாலும் பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். இருந்தாலும் இந்த வேலைக்குப் போதும். மாற்றி முடித்தபின் மீண்டும் நிறுத்துப் பார்த்து, மொத்த எடையும் முன்பின் பங்கீடும் பழைய எண்களை ஒட்டி நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பின்பக்கம் எடை கூடிய கார் ஈரச் செம்மண் பாதையில் வளைவில் வால் வீசும். முன்பக்கப் பிரேக்கும் சரியாகப் பிடிக்காது.

இப்போது பேட்டரி. இதில்தான் நிதானம் வேண்டும்.

ஆளோடு சேர்த்து 850 கிலோ உள்ள கஞ்சில் சமதரையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போக டயர் உராய்வுக்கும் காற்றுக்கும் சேர்த்து 3.6 கிலோவாட் வேண்டும். மோட்டாரிலும் கியரிலும் கால்பங்கு வீணாகும் என்று வைத்தால் பேட்டரியிலிருந்து 4.8 கிலோவாட். அதாவது கிலோமீட்டருக்கு 80 வாட் மணி. நின்று நின்று போவதற்குக் கொஞ்சம் கூட்டி 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 கிலோமீட்டருக்கு 5 யூனிட் போதும். இதைப் பார்த்ததும் 3.2 வோல்ட், 100 ஆம்பியர் மணி செல்லில் பதினாறு வாங்கினால் 5.1 யூனிட் வருமே என்று கை பரபரக்கும். அங்கேதான் தவறு நடக்கிறது. தூரத்துக்கு அந்த செல் போதும், மேட்டுக்குப் போதாது. இரண்டு பேரோடு 8 சதவீத மேட்டில் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏற ஏறக்குறைய 10 கிலோவாட் வேண்டும். 50 வோல்ட்டில் அது 200 ஆம்பியர். 100 ஆம்பியர் மணி செல்லிலிருந்து 200 ஆம்பியரை நிமிடக்கணக்கில் இழுத்தால் வோல்ட் சரியும், செல் சூடேறும், ஓரிரு ஆண்டில் உப்பிப்போகும். தோட்டத்துச் சாலைகள் பலவும் மேடு பள்ளம்தான். ஆகவே செல்லின் அளவைத் தீர்மானிப்பது தூரம் மட்டும் அல்ல. எவ்வளவு மின்னோட்டம் இழுக்கிறோம் என்பதும் கூட.

அதனால் என் தேர்வு: வீட்டு சோலாருக்கென்று விற்கும் 280 ஆம்பியர் மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல், பதினாறு. ஒவ்வொன்றும் ஐந்தரைக் கிலோ, மொத்தம் 88 கிலோ. 51 வோல்ட், 14.3 யூனிட். 80 சதவீதம் மட்டும் பயன்படுத்தினாலும் 110 கிலோமீட்டர். இந்த வகைச் செல்கள் 280 ஆம்பியரைத் தொடர்ந்து தாங்கும்படி செய்யப்பட்டவை. வாங்குமுன் அந்தக் குறிப்பிட்ட செல்லின் தரவுத்தாளில் இந்த ஒரு வரியைக் கட்டாயம் பாருங்கள். பதினாறுக்கு இன்னொரு நல்ல காரணமும் உண்டு. முழுச் சார்ஜில் 16 செல் 58.4 வோல்ட்தான் காட்டும். 60 வோல்ட் டிசிக்கு மேல் போனால் மின்சார வாகனங்களுக்கான பன்னாட்டு விதிகள் அதை உயர் அழுத்தமாகக் கருதுகின்றன. அதற்குக் கீழே நின்றால் வேலை செய்கிறவருக்கு அதிர்ச்சி ஆபத்து வெகுவாகக் குறைகிறது. பாகங்களும் மலிவு. ஃபோர்க்லிஃப்ட், கோல்ஃப் பக்கி, சோலார் மூன்றுமே 48 வோல்ட் உலகம். தினமும் ஈப்போ நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டியவருக்கு இது பற்றாது. அவர் 24 செல், 72 வோல்ட்டுக்குப் போகட்டும். ஊருக்குள்ளும் தோட்டத்துக்குள்ளும் ஓடுகிற காருக்கு 48 போதும்.

பழைய ஈய பேட்டரி மலிவு என்று சொல்வார்கள். 12 வோல்ட் 100 ஆம்பியர் மணி பேட்டரி நான்கு சேர்த்தால் 4.8 யூனிட் என்று எழுதியிருக்கும். கார் இழுக்கும் வேகத்தில் இழுத்தால் அதில் பாதியை ஒட்டித்தான் கிடைக்கும். அதையும் முழுதாக இறக்கினால் ஆயுள் குறையும். நம் வெயிலில் ஈயம் இன்னும் சீக்கிரம் சாகும். இரண்டு வருடத்தில் மறுபடி வாங்கினால் மலிவு எங்கே? ஹைபிரிட் காரிலிருந்து எடுத்த பேட்டரியும் அதே மாதிரி ஏமாற்றும். பழைய பிரியஸ் பேட்டரி 201.6 வோல்ட், 6.5 ஆம்பியர் மணி. பெருக்கிப் பார்த்தால் 1.3 யூனிட். ஊரைத் தாண்டும் முன் தீர்ந்துவிடும்.

செல் வந்ததும் ஒவ்வொன்றின் வோல்ட்டையும் அளந்து எழுதிவையுங்கள். உப்பிய செல், முனையில் கீறல் உள்ள செல், மற்றவற்றிலிருந்து விலகி நிற்கும் செல் ஆகியவற்றைத் தனியே வையுங்கள். பெட்டியில் அடுக்குமுன் பதினாறையும் இணையாக இணைத்து, 3.65 வோல்ட்டில் கட்டுப்படுத்திய சார்ஜரால், மின்னோட்டம் சில ஆம்பியருக்கு இறங்கும் வரை நிரப்ப வேண்டும். நாள்கணக்கில் ஆகும், பரவாயில்லை. இதைச் செய்யாமல் நேரே தொடராகக் கோத்தால், சார்ஜ் முடியும் நேரத்தில் ஒரு செல் மட்டும் முந்திக்கொண்டு 3.65ஐத் தாண்டும். செல்களைக் கண்காணிக்கும் மின்சுற்றான பிஎம்எஸ் சார்ஜை நிறுத்திவிடும். பேட்டரி கெட்டது என்று நினைப்பீர்கள். உண்மையில் அது சமமாகவே இல்லை.

செல்களை 10 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு இரண்டுக்கு நடுவில் வைத்து, நீள மரையாணியால் லேசாக அழுத்திக் கட்டுங்கள். செல்லுக்கும் செல்லுக்கும் இடையே மெல்லிய எபாக்சிக் கண்ணாடியிழைத் தாள் வேண்டும். செல்லின் அலுமினிய உடல் மின்முனையோடு முழுதாகத் தொடர்பற்றது அல்ல, அதிர்வில் நீல உறை தேய்ந்தால் பொறி பறக்கும். முனை நட்டைக் கணக்கில்லாமல் முறுக்காதீர்கள். அலுமினிய மரை, 4 முதல் 6 நியூட்டன் மீட்டரில் நிற்க வேண்டும். கூட முறுக்கினால் மரை உரிந்துவிடும், குறைந்தால் அந்த இணைப்பு சூடேறிப் பிளாஸ்டிக்கை உருக்கும். கேரேஜில் எரிந்த பேட்டரிகளின் கதையில் பாதிக்கு மேல் தளர்ந்த நட்டுதான் இருக்கும் என்று நான் நம்புகிறேன்.

பெட்டியை எங்கே வைப்பது? எண்ணெய்த் தொட்டி இருந்த இடமும் பின்னிருக்கைக்குக் கீழும் எடைக்கு நல்லவை. பின்கதவுக் கண்ணாடிக்கு நேர் கீழே வைத்தால் மத்தியான வெயில் நேரே செல்லில் விழும். 45 டிகிரிக்கு மேல் நாள் முழுவதும் கிடந்த லித்தியம் செல் சீக்கிரம் வயதாகும்.

மோட்டாருக்கு வருவோம். குறைந்த காசுக்குப் பழைய மின்சார ஃபோர்க்லிஃப்ட்டின் சீரீஸ் டிசி மோட்டார். கிள்ளான் பக்கத்துக் கிடங்குகள் கழித்துக்கட்டும் வண்டிகளிலிருந்து பழைய இரும்புக் கடைக்கு வருவது. சக்கரம் ஓட்டும் மோட்டார் வேறு, தூக்கும் பம்பை ஓட்டும் மோட்டார் வேறு. வெளியே நான்கு முனை இருந்தால் சுழலும் திசையை மாற்ற முடியும். இரண்டு மட்டும் இருந்தால் பெரும்பாலும் பம்பு மோட்டார், அது ஒரே பக்கம்தான் சுற்றும். கஞ்சில் எஞ்சின் சுற்றும் திசையை, அதைக் கழற்றுமுன் பார்த்து எழுதிவையுங்கள். சில ஓட்டு மோட்டார்களில் முன்முனையில் பேரிங்கே இருக்காது, வண்டியின் கியர்பெட்டியே அச்சைத் தாங்கும். அதை வாங்கினால் முன்மூடியைப் புதிதாகக் கடைய வேண்டிவரும், காசு போகும்.

கடையிலேயே பிரஷ் மூடியைத் திறந்து, பிரஷ் உரசும் செம்புப் பட்டைகள் கொண்ட கம்யூட்டேட்டரைப் பாருங்கள். ஒரே சீரான சாக்லேட் நிறம் என்றால் ஆரோக்கியம். ஒன்றிரண்டு பட்டை மட்டும் கறுத்திருந்தால் உள்ளே கம்பிச்சுற்று போயிருக்கலாம். மின்காப்பை அளக்கும் மெகரால் மோட்டார் சட்டத்துக்கும் முனைக்கும் நடுவே அளந்தால் 1 மெகாஓமுக்கு மேல் காட்ட வேண்டும். பிறகு 12 வோல்ட் பேட்டரி ஒன்றை மட்டும் கொடுத்துச் சுற்றவிடுங்கள். அதற்கு மேல் ஒருபோதும் கொடுக்காதீர்கள். சீரீஸ் மோட்டாருக்குச் சுமை இல்லையென்றால் வேகம் ஏறிக்கொண்டே போகும், கடைசியில் உள்ளே சுழலும் ஆர்மேச்சர் சிதறும். கார் முடிந்தபிறகும் இதே ஆபத்து தொடர்கிறது: நியூட்ரலில் பெடலை மிதித்தால் மோட்டார் பறந்துவிடும். அதனால் சுழற்சி வேகத்தை உணர்ந்து, மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் கன்ட்ரோலரை நிறுத்தும் ஏற்பாடு இல்லாமல் இந்த மோட்டாரைப் பொருத்தக்கூடாது.

கொஞ்சம் கூடக் கையில் இருந்தால் 48 வோல்ட் ஏசி மோட்டார், கன்ட்ரோலர் இரண்டும் சேர்ந்த தொகுப்பை வாங்குவது நல்லது. பிரஷ் இல்லை, வேகக் கட்டுப்பாடு உள்ளேயே இருக்கிறது, இறக்கத்தில் மின்சாரம் திரும்பி வரும். ஆனால் முழுச் சார்ஜோடு மேட்டு வீட்டிலிருந்து இறங்கினால் அந்த மின்சாரத்துக்கு இடமில்லாமல் செல் வோல்ட் எகிறும். அப்படிப்பட்ட இடத்தில் குடியிருப்பவர் 90 சதவீதத்தில் சார்ஜை நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மோட்டாரையும் கியர்பெட்டியையும் சேர்க்கும் தகடுதான் இந்த வேலையிலேயே நுட்பமான பகுதி. லேத் பட்டறையில் காசைக் குறைக்கப் பேரம் பேசாதீர்கள். கியர்பெட்டி முகத்தின் துளைகளை அட்டையில் எடுத்து, 12 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் வெட்டி, தகடு நகராமல் இடம் பிடிக்கும் இரண்டு டவல் (dowel) ஊசியைப் பழைய இடத்திலேயே பொருத்த வேண்டும். மோட்டார் அச்சும் கியர்பெட்டியின் உள்ளீட்டு அச்சும் ஒரே கோட்டில், 0.1 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்ப்பதுதான் வழி. விலகினால் முதலில் ஒரு முனகல் கேட்கும், அடுத்து எண்ணெய் சீல் கசியும், கடைசியில் பேரிங் போகும். இணைப்புக்குப் பழைய கிளட்ச் தட்டின் நடுவிலுள்ள பல்வரிக் குடத்தை வெட்டியெடுத்து, மோட்டார் அச்சுக்குக் கடைந்த கப்ளரோடு சேர்க்கலாம். கிளட்ச் இல்லாமலே ஓட்டலாம், கியரை நிதானமாக மாற்ற வேண்டும். ஊருக்குள் இரண்டாம் கியர், பெரிய சாலையில் மூன்றாம் கியர், மேட்டில் இரண்டுக்கு இறங்கிவிடுங்கள். உயர் கியரில் மெதுவாக ஏறினால் மோட்டார் குறைந்த சுற்றில் அதிக மின்னோட்டம் குடித்து, உள்விசிறி காற்றும் பற்றாமல் வெந்துபோகும்.

கன்ட்ரோலர் 48 வோல்ட், 400 ஆம்பியர். கர்ட்டிஸ் போன்றவை பழையதாகக் கிடைக்கும். அதைத் தடித்த அலுமினியத் தகட்டில் வெப்பக்களிம்பு தடவிப் பொருத்தி, விசிறி வையுங்கள். பெடல் கேபிளை 0 முதல் 5 கிலோஓம் பெடல் பெட்டியில் கட்டினால் முடிந்தது.

எங்கே காசைக் குறைக்கவே கூடாது என்றால் பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில். பதினாறு செல்லின் உள்மின்தடை மொத்தம் சில மில்லிஓம். ஸ்பேனர் குறுக்கே விழுந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். அதிர்ச்சி அடிக்காத வோல்ட் என்பதால் சுடாத வோல்ட் என்று எண்ணிவிடாதீர்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாம் கழற்றிய பிறகே பெட்டியைத் தொட வேண்டும், ஸ்பேனர் கைப்பிடி முழுவதும் டேப் சுற்றியிருக்க வேண்டும். முதன்மை ஃபியூஸ் 300 ஆம்பியர் கிளாஸ் டி (Class T) வகை. கார் ஸ்டீரியோ கடையில் விற்கும் ஏஎன்எல் ஃபியூஸ் பெரும்பாலும் 32 வோல்ட்டுக்கானது. இந்த மின்னோட்டத்தை அறுக்கும்போது அதற்குள்ளேயே தீப்பொறி நின்று எரியும். வீட்டு ஏசி பிரேக்கரும் அப்படித்தான், டிசிக்கு அது பயன்படாது. ஃபியூஸ் பேட்டரிப் பெட்டியிலிருந்து வெளியேறும் இடத்திலேயே இருக்க வேண்டும், முன்னால் கன்ட்ரோலர் பக்கத்தில் அல்ல.

ஃபியூஸுக்கு அடுத்து கான்டாக்டர், அதாவது பெரிய மின்னோட்டத்தை இணைத்துத் துண்டிக்கும் மின்காந்த சுவிட்ச். அதன் இரு முனைக்கும் நடுவே 100 ஓம், 50 வாட் மின்தடை ஒன்றைப் போட்டு, சாவி திருப்பியதும் முதலில் அதன் வழியே கன்ட்ரோலரின் மின்தேக்கிகளை ஐந்து விநாடி நிரப்பி, பிறகு கான்டாக்டரை மூட வேண்டும். இதை விட்டால் ஒவ்வொரு தடவை மூடும்போதும் முனைகள் கருகி, ஒருநாள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்ட கான்டாக்டரைச் சாவியால் நிறுத்த முடியாது. அதனால் ஓட்டுநர் கைக்கெட்டும் இடத்தில் கையால் இழுத்துத் துண்டிக்கும் சுவிட்சும், மோதினால் தானே துண்டிக்கும் இனர்ஷியா சுவிட்சும் கட்டாயம்.

கேபிள் 70 சதுர மில்லிமீட்டர் வெல்டிங் கேபிள். கேபிள் நுனியில் மாட்டும் லக்கை ஹைட்ராலிக் கிரிம்பரால் அழுத்துங்கள், சுத்தியலால் தட்டி ஈயம் ஊற்றுவது சூட்டில் இளகும். தரைக்குக் கீழே போகும் பகுதியைக் குழாய்க்குள் விட்டு, திறந்த வாய்களை இரும்பு வலையால் அடையுங்கள். செம்பனைக்குள் நிறுத்தும் காரில் எலி ஒயரைக் கடிக்காமல் விடாது. பிஎம்எஸ்ஸின் மெல்லிய அளவீட்டு ஒயர்கள்தான் அதற்கு முதல் இரை. அந்த ஒயர் ஒவ்வொன்றுக்கும் செல்லுக்குப் பக்கத்திலேயே சிறு ஃபியூஸ் வையுங்கள். பிஎம்எஸ் தன் வழியாகவே முழு மின்னோட்டத்தையும் விடும் வகை வேண்டாம், கான்டாக்டருக்குக் கட்டளை கொடுக்கும் வகை வாங்குங்கள். செல் 3 வோல்ட்டை நெருங்கும்போது முதலில் பஸ்ஸர் அலற வேண்டும். எச்சரிக்கையே இல்லாமல் துண்டித்தால், லாரிக்கு முன்னால் நடுரோட்டில் கார் செத்து நிற்கும்.

பிரேக்கை மறப்பவர்கள் பலர். பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் எஞ்சினிலிருந்துதான் வந்தது. எஞ்சின் போனதும் பெடல் கல்லாகிவிடும். 12 வோல்ட் வெற்றிட பம்பு, ஒரு சின்ன இரும்புத் தொட்டி, ஒருவழி வால்வு, அழுத்த சுவிட்ச் நான்கும் வேண்டும். பம்பு நின்றுபோனாலும் இரண்டு மூன்று தடவை மிதிக்கத் தொட்டியில் வெற்றிடம் மிஞ்ச வேண்டும். வெற்றிடம் குறைந்தால் சிவப்பு விளக்கு எரியட்டும். கைப்பிரேக்கையும் புதிதாக்குங்கள். பெட்ரோல் காரைக் கியரில் விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். சீரீஸ் மோட்டார் பிடிக்காது, மேட்டில் நிறுத்திய கார் கியரில் இருந்தாலும் உருளும்.

ஆல்டர்னேட்டருக்குப் பதில் 48 வோல்ட்டை 13.8 ஆக்கும் கன்வெர்ட்டர், 30 முதல் 40 ஆம்பியர். மழை இரவில் ஹெட்லைட், வைப்பர், காற்றூதும் விசிறி, வெற்றிட பம்பு எல்லாம் சேர்ந்து இழுக்கும்போது 20 ஆம்பியர் கன்வெர்ட்டர் திணறும். சின்ன 12 வோல்ட் பேட்டரியை எடுத்துவிடாதீர்கள், கன்வெர்ட்டர் போனாலும் விளக்கும் பிரேக் பம்பும் நிற்கக்கூடாது. ஏர்கானுக்கு 48 வோல்ட் மின்சாரக் கம்ப்ரஸர் கிடைக்கிறது. ஒரு கிலோவாட் அளவில் இழுக்கும். முதலில் கார் ஓடட்டும், அதற்கு இடமும் கேபிளும் மட்டும் விட்டுவையுங்கள்.

சார்ஜர் 30 ஆம்பியர் போதும். 58.4இல் முடிக்காமல் 55.2 வோல்ட்டில் நிறுத்தும்படி வையுங்கள், செல்லுக்கு 3.45 வோல்ட். கொள்ளளவில் அதனால் குறைவது மிகச் சொற்பம், ஆயுளில் கிடைப்பது அதிகம். சுவரில் 8 ஆம்பியர் இழுக்கும். 50 கிலோமீட்டர் ஓட்டத்தை மூன்று மணி நேரத்தில் நிரப்பும். 13 ஆம்பியர் பிளக் தாங்கும். ஆனால் பழைய லயத்து வீட்டு ஒயரிங் தாங்குமா என்பது வேறு கேள்வி. ஒரே சாக்கெட்டிலிருந்து வீடு முழுக்க நீட்டிப்பு ஒயர் ஓடும் இடத்தில் மூன்று மணி நேரம் 8 ஆம்பியர் இழுத்தால் சுவருக்குள் எங்கோ ஓர் இணைப்பு சூடேறும். பதிவுபெற்ற ஒயர்மேனைக் கூப்பிட்டு மீட்டர் பலகையிலிருந்து தனி ஒயர், தனி எம்சிபி பிரேக்கர், மின்கசிவு கண்டால் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி போடச் சொல்லுங்கள். ஆலை டர்பைனிலிருந்து குடியிருப்புக்கு மின்சாரம் வரும் தோட்டங்களில் வோல்ட் ஏறி இறங்கும். அகன்ற உள்ளீட்டு வோல்ட் தாங்கும் சார்ஜராகப் பார்த்து வாங்க வேண்டும், நிர்வாகத்திடமும் சொல்லிவிட வேண்டும். பலகை வீட்டுச் சுவரை ஒட்டி நிறுத்திச் சார்ஜ் போடாதீர்கள், ஆள் விழித்திருக்கும் நேரத்தில் போடுங்கள்.

முடிந்ததும் சக்கரம் தரையில் படாமல் ஜாக்கில் தூக்கி, 12 வோல்ட்டில் சுழலும் திசை பாருங்கள். அதன்பின் முழு வோல்ட் கொடுத்துக் கியர் போட்ட நிலையில் பெடலை மெதுவாகத் தொட்டுப் பார்க்கலாம். முதல் ஓட்டம் சமதரையில், ஐந்து கிலோமீட்டர், பிறகு நிறுத்தி ஒவ்வொரு லக்கையும் செல் முனையையும் வெப்பமானியால் அளக்க வேண்டும். பக்கத்தில் இருப்பதைவிட ஒன்று மட்டும் 10 டிகிரி கூடச் சுட்டால் அந்த இணைப்பைப் பிரித்துத் தேய்த்துச் சுத்தம் செய்து மறுபடி முறுக்குங்கள். ஒரு வாரம் கழித்து எல்லா நட்டையும் டார்க் ரெஞ்சால் மீண்டும் பாருங்கள், செம்மண் பாதையின் அதிர்வில் சில கட்டாயம் இளகியிருக்கும். மோட்டாருக்குக் கீழே தண்ணீர் தெறிக்காத தகடு ஒன்று போட்டு, வெள்ளம் சக்கர நடுவைத் தொடும் நாளில் காரை வெளியே எடுக்காதீர்கள். மாதம் ஒருமுறை காற்றடித்துப் பிரஷ் தூளை வெளியேற்றி, பிரஷின் நீளத்தை அளந்து எழுதிவையுங்கள். புதியதில் மூன்றில் ஒரு பங்குக்கு வந்ததும் மாற்றிவிட வேண்டும்.